கேள்வி பதில்: நாலும் ஐந்தும் கூடும் இடம்

சென்ற இதழில் போர்ச்சுகல் நாட்டு இசையமைப்பாளர் எமானுவெல் நூனிஷ் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தது. "இரண்டு வெவ்வேறு நடைகளை ஒன்றன் மேல் ஒன்று போட்டு, அதிலிருந்து இசை எடுத்தவர்" என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கமிருந்து வாசகர்கள் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். தவில், மிருதங்கம் பயில்கிறவர்களின் கேள்விகளும் அவற்றில் இருக்கின்றன. அவர்களுக்கு மட்டும் பதில் நீளமாகவே இருக்கும்.

2012இல் மறைந்தவரைச் 'சமகால' இசையமைப்பாளர் என்று ஏன் எழுதினீர்கள்? அவர் எங்கே படித்தார், என்ன வேலை பார்த்தார்?
*வாசகர், கும்பகோணம்*

'சமகால இசை' என்பது மேற்கத்திய செவ்வியல் இசையில் ஒரு பிரிவின் பெயராகவே நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுதப்பட்ட புதுப் பாணி இசையை அப்படிச் சொல்வார்கள். எழுதியவர் இப்போது இருக்கிறாரா இல்லையா என்பது கணக்கில் வராது.

நூனிஷ் 1941 ஆகஸ்ட் 31 அன்று லிஸ்பனில் பிறந்தார். இருபது வயதை ஒட்டிய நாட்களில் அங்கேயே ஃப்ரான்சின் பெனுவாவிடம் இசை இலக்கணம் படித்தார், பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியியலும் தத்துவமும் படித்தார். 1963 முதல் கோடைக்காலங்களில் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் புது இசைப் பட்டறைகளுக்குப் போனார். 1964இல் பாரிஸ், அடுத்த ஆண்டு கொலோன். கொலோனில் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசனின் வகுப்புகளில் உட்கார்ந்ததுதான் அவருடைய பாதையை முடிவு செய்தது. பிறகு வாழ்க்கையின் பெரும்பகுதி நாட்டுக்கு வெளியே பாரிஸில் கழிந்தது. ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் இசைக்கல்லூரியிலும், 1992 முதல் பாரிஸ் இசைக்கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். 1981 முதல் லிஸ்பனில் குல்பென்கியன் அறக்கட்டளைக்காக அவர் நடத்திய பயிலரங்குகளில் போர்ச்சுகலின் அடுத்த தலைமுறை இசையமைப்பாளர்கள் பலர் உட்கார்ந்து கற்றார்கள். 2000ஆம் ஆண்டு அந்த நாட்டின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றான பெசோவா பரிசு கிடைத்தது. 2012 செப்டம்பர் 2 அன்று பாரிஸில் காலமானார்.

அவருடைய படைப்புகளுக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பெயர் இருப்பதைப் பார்த்து ஒரு வாசகர் குழம்பியிருக்கிறார். இளமையில் படித்த படிப்பு அது. அந்த மொழியை அவர் கடைசிவரை விடவில்லை.

நடை மேல் நடை போடுவது எங்களுக்குப் புதிதில்லையே. சதுஸ்ர (நாலு எண்ணிக்கை) தாளத்தில் கண்ட (ஐந்து எண்ணிக்கை) நடை வாசிக்கிறோம். இவர் செய்தது அதிலிருந்து எப்படி மாறுபட்டது? கையில் போட்டுப் பார்க்கும்படி சொல்ல முடியுமா?
*தவில் மாணவர், திருவாரூர்*

முடியும். கையில் போட்டுப் பார்த்தால்தான் இது விளங்கவும் செய்யும்.

நூனிஷ் இதை 'தாள இணை' என்று சொன்னார். 1970களின் கடைசியிலிருந்து அவருடைய பெரிய படைப்புகள் பலவும் இந்த இணைகளின் மேல் நிற்கின்றன. நாலும் ஐந்தும் சேர்ந்த இணையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மீண்டும் ஒன்றாக விழ 20 மாத்திரை, அதாவது சம இடைவெளியில் 20 எண்ணிக்கை, ஆகும். வலது கையால் நாலு மாத்திரைக்கு ஒரு தட்டு, இடது கையால் ஐந்து மாத்திரைக்கு ஒரு தட்டு. வலது கை 1, 5, 9, 13, 17 என்ற மாத்திரைகளில் விழும். இடது கை 1, 6, 11, 16இல் விழும். இரண்டு கையையும் மறந்துவிட்டு, விழுந்த தட்டுகளை மட்டும் வரிசையாகக் கேளுங்கள்: 1, 5, 6, 9, 11, 13, 16, 17. அடுத்தது 21, அதாவது மறுபடி எடுத்த இடம்.

இப்போது தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். 4, 1, 3, 2, 2, 3, 1, 4. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. 'விகடகவி' மாதிரி. இதைச் சொற்கட்டாகச் சொன்னால்:

தகதிமி / த / தகிட / தக / தக / தகிட / த / தகதிமி

கூட்டிப் பாருங்கள், 20 வரும். இந்த ஒரே வரிசைக்குள் இரண்டு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாலு நாலாகப் பிரித்தால் 4, 1+3, 2+2, 3+1, 4. நாலு உடைகிற இடம் ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரை நகர்ந்துகொண்டே போகிறது. ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 4+1, 3+2, 2+3, 1+4. நூனிஷை இழுத்தது இந்த இடம்தான் என்பது அவருடைய இசையைக் கேட்டால் தெரியும்: ஒரே ஓசை வரிசை, கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொள்கிறாரோ அதற்கேற்ப வேறு நடையாகிறது.

உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதற்குள் இருக்கிறது. நாம் கண்ட நடை வாசிக்கும்போது தாளம் கீழே அசையாமல் இருக்கிறது. கை போடுகிறவர் சதுஸ்ரத்தை விடுவதில்லை. கண்டம் அதன் மேல் ஏறி விளையாடிவிட்டு எடுப்புக்கு, அதாவது பாட்டு எடுத்த இடத்துக்கு, வந்து இறங்குகிறது. நூனிஷிடம் கீழே என்று ஒன்று இல்லை. நாலும் தாளமில்லை, ஐந்தும் தாளமில்லை. இரண்டும் உரசிப் பிறக்கும் 4-1-3-2-2-3-1-4 என்ற வரிசையே அவருக்கு மூலப்பொருள். அதை நீட்டுவார், சுருக்குவார், ஒரு வாத்தியத்துக்கு 4-1ஐயும் இன்னொன்றுக்கு 3-2ஐயும் கொடுப்பார். தீர்மானம் (முத்தாய்ப்பான சொற்கட்டு) வைத்து முடிக்கும் பழக்கம் அங்கே கிடையாது. எடுப்பை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

பழகும் முறை: முதலில் கையைத் தொடாதீர்கள். மாத்திரைக்கு அரை நொடி வைத்து வாயால் மட்டும் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு 10 நொடி ஆகும். பிறகு வாய் சொல்ல, வலது கை நாலை மட்டும் போடட்டும். அடுத்து வாய் சொல்ல, இடது கை ஐந்தை மட்டும். இந்த இரண்டும் சுத்தமாக வந்த பிறகே இரண்டு கையும் சேர வேண்டும். தவிலில் வாசிப்பதானால் வலந்தலையில் நாலு, தொப்பியில் குச்சியால் ஐந்து. ஓசை வேறு வேறாக இருப்பதால் தவறு உடனே காதுக்குத் தெரிந்துவிடும்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். 5, 6 என்று அடுத்தடுத்து விழும் ஒற்றை 'த'வில் கை பதறி முந்தும். அதனால் அடுத்த தகிட நீண்டுபோகும். நடுவில் வரும் தக-தகவில் கை ஓய்வெடுக்கும், அங்கே சமம் (சுற்றின் தொடக்க அடி) வந்துவிட்டது போல ஒரு மயக்கம். அது சமம் இல்லை, பாதி வழிதான். 11ஆம் மாத்திரையில் விழுவது ஐந்தின் தட்டு மட்டும், நாலு அங்கே விழாது. அந்த ஒரு இடத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக நிற்கும்.

இது கைக்கு வந்ததும் ஏழும் ஐந்தும் முயலுங்கள். மொத்தம் 35 மாத்திரை. இடைவெளிகள் 5, 2, 3, 4, 1, 5, 1, 4, 3, 2, 5. நடுவில் ஒரு முழு ஐந்து தனியாக உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல. பொது வகு எண் இல்லாத எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் தட்டுகளின் எண்ணிக்கை இரண்டையும் கூட்டி ஒன்று கழித்தது. நாலும் ஐந்தும் எட்டு, ஏழும் ஐந்தும் பதினொன்று. சரிபார்க்க எளிய வழி.

இதை மிருதங்க யதி என்று சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. யதி என்பது சொற்கட்டுகளின் நீளம் மாறும் ஒழுங்கு. மிருதங்க யதி சிறிதிலிருந்து பெருகி மறுபடி சிறுக்கும், டமரு யதி அதற்கு நேர்மாறு. இங்கே பெரிதும் சிறிதும் மாறி மாறி வருகின்றன. யதியின் பெயர் ஒன்றை இதற்கு ஒட்ட வேண்டிய தேவை இல்லை.

அவருடைய சில படைப்புகளுக்கு இரண்டு நடத்துநர்கள் (கையசைத்து இசைக்குழுவை நடத்துகிறவர்கள்) வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே இசைக்கு எதற்கு இரண்டு பேர்?
*வாசகி, திருவையாறு*

இதைத் திருவையாற்றிலிருந்து கேட்டதே பொருத்தம். தை மாதம் ஆராதனைப் பந்தலில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடும்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு இழை பிந்துவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. 35 மீட்டர் தள்ளி இருக்கிறவர் காதுக்கு முன்வரிசையின் குரல் பத்தில் ஒரு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதைக் கேட்டு அவர் பாடினால், அவர் குரல் முன்னால் திரும்பி வரும்போது இன்னொரு பத்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு அரை நொடி. அதில் ஐந்தில் இரண்டு பங்கு பிசகு என்றால் காது சும்மா இருக்குமா? காதை நம்பாமல் கையைப் பார்த்துப் பாடினால் பிசகு குறையும். ஒளி உடனே வந்துவிடுகிறது, ஒலிதான் நடந்து வருகிறது.

பின்பந்தலில் தனியாக ஸ்பீக்கர் வைக்கும் மைக்செட்காரர்களும் இதே கணக்கைத்தான் போட வேண்டும். கம்பி வழியாகக் குரல் உடனே பின்னால் வந்துவிடும், முன்னால் இருந்து வரும் நேர்க்குரல் பிறகு வரும், எதிரொலி போல இரட்டிக்கும். மீட்டருக்கு மூன்று மில்லிநொடி என்று பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தினால் இரட்டிப்பு போய்விடும்.

நூனிஷ் 1991இல் முடித்த 'குவோட்லிபெட்' லிஸ்பனில் கொலிசேயு என்ற பழைய வட்ட அரங்கத்துக்காக எழுதியது. சர்க்கஸும் நடந்த அரங்கம் அது. இசைக்குழு, அதோடு 28 வாத்தியக்காரர்கள், 6 தாளவாத்தியக்காரர்கள். இவர்கள் எல்லோரும் மேடையில் ஒரே கூட்டமாக உட்காருவதில்லை, அரங்கைச் சுற்றிப் பரவியிருப்பார்கள். ஒரு கையை எல்லோரும் பார்ப்பது முடியாத காரியம். அது ஒரு காரணம். இன்னொன்று, சில இடங்களில் இரண்டு கூட்டம் வெவ்வேறு வேகத்தில் போகும், ஆளுக்கொரு கை வேண்டும். 'திஃபெரெத்' என்ற படைப்பிலும் இப்படித்தான்: ஆறு தனி வாத்தியங்கள், ஆறு குழுக்கள், இரண்டு நடத்துநர்கள்.

சுவாமி புறப்பாட்டில் நாகசுரம் நாலு வீதியும் சுற்றி வருகிறது. வாசலில் நிற்கிற நமக்குத் தூரத்தில் தவில் மட்டும் கேட்கும், மூலை திரும்பியதும் சீவாளியின் ஓசை கூர்மையாகும், முன்னால் வந்ததும் நெஞ்சில் இடிக்கும், பிறகு தேய்ந்து போகும். ராகம் ஒன்றே என்றாலும், இடம் மாறும்போது அது வேறொன்றாகக் காதில் விழுகிறது. இடத்தையும் இசையின் ஒரு உறுப்பாக நூனிஷ் எழுதியது என்ன என்பதை இந்த அனுபவம் உள்ள காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பாரிஸில் இர்காம் ஆய்வுக்கூடத்தின் கணினிகளைக் கொண்டு எழுதிய 'லிஷ்டுங்' வரிசையில் வாத்தியக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார், அவருடைய ஓசை ஒலிபெருக்கிகள் வழியாக அரங்கைச் சுற்றும். 'காட்டுக்குள் வெளிச்சம் விழும் திறந்தவெளி' என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

வயலின் நான்கு ஆண்டுகளாகக் கற்கிறேன். அவருடைய தனி வயலின் படைப்பை வாசித்துப் பார்க்க ஆசை. என் வயலினிலேயே முடியுமா?
*மாணவி, மயிலாடுதுறை*

1979இல் எழுதிய 'ஐன்ஷ்பீலுங் 1' தனி வயலினுக்கு. அடுத்த இரண்டும் செல்லோவுக்கும் வியோலாவுக்கும். வாசிப்பதற்கு மிகக் கடினமானது. முழுவதையும் நினைக்காமல் முதல் சில வரிகளை எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வயலினை அப்படியே வைத்து முடியாது. நம் முறையில் நான்கு தந்திகளும் ச-ப-ச-ப. அங்கே கீழிருந்து ஜி, டி, ஏ, இ, எல்லாம் பஞ்சம இடைவெளி. நீங்கள் ஒன்றாம் கட்டை சுருதி (அங்கே 'சி') வைத்திருந்தால் மேல் தந்தியின் பஞ்சமம் 'ஜி'. அதிலிருந்து 'இ'க்குப் போக ஒன்பது ஸ்வரஸ்தானம் ஏற்ற வேண்டும். தொய்வாகவே பழகிய பழைய தந்தியை அவ்வளவு முறுக்கினால் அறுந்து கண்ணில் அடிக்கும். நான்கையும் ஒரேயடியாக ஏற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை விரல்பலகைப் பக்கம் சாய்ந்து படுத்துவிடும். அந்த அதிர்ச்சியில் உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியும் விழலாம். விழுந்தால் வாத்தியம் செய்கிறவரிடம்தான் போக வேண்டும்.

ஆகையால் மேற்கத்திய சுருதிக்கான புதுத் தந்திகளை ஒரு செட் வாங்குங்கள். ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் போட்டு, ஓரளவு ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒவ்வொரு தடவை பிரடையைத் திருப்பிய பிறகும் குதிரையைப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் பின்முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டாவதாக ஒரு பழைய வயலின் கிடைத்தால் இதற்கென்றே ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது. தினமும் சுருதியை ஏற்றி இறக்கினால் எந்த வாத்தியமும் தாங்காது.

கைப்பழக்கத்தில் ஒன்றை விட வேண்டியிருக்கும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு ஜாருவில் போகும் விரல், இங்கே இடையிடையே சறுக்கினால் தாளத்தின் விளிம்பு மழுங்கிவிடும். 4-1 என்று எழுதிய இடத்தில் அந்த ஒன்று கத்தரித்தது போல நிற்க வேண்டும். முதலில் ஸ்வரங்களை விட்டுவிட்டு, ஒரே தந்தியில் தாளத்தை மட்டும் வில்லால் போட்டுப் பழகுங்கள்.

நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் இருந்தார்களே. நம் கச்சேரி வயலின் அவர்கள் கொண்டுவந்ததா?
*வாசகர், நாகப்பட்டினம்*

1658இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகை அவர்கள் கையில் இருந்தது உண்மை. சன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். வயலின் கச்சேரிக்குள் வந்தது பிறகு, ஆங்கிலேயர் காலத்தில். பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை நம் இசைக்குப் பழக்கியவர்கள். சென்னைக் கோட்டையில் வாசித்த ஆங்கிலேய வாத்தியக் குழுவின் மெட்டுகளிலிருந்துதான் முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களும் பிறந்தன.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? ஒரு தடவை கேட்டேன், ராகமும் இல்லை, பாவமும் இல்லை, வெறும் கணக்காகத் தோன்றியது.
*வாசகர், மன்னார்குடி*

ராகம் இல்லை, ஆதார சுருதியும் இல்லை. தம்பூராவைத் தேடும் காது முதல் ஐந்து நிமிடம் தவிக்கும். ஆனால் கணக்கு இருப்பதால் பாவம் இல்லை என்பதை ஏற்க முடியாது. தனி ஆவர்த்தனத்தில் ஒரு கோர்வை கச்சிதமாக வந்து எடுப்பில் விழும்போது உடம்பு சிலிர்க்கிறதே, அதுவும் கணக்குத்தான்.

பியானோவுக்கு எழுதிய 'நெருப்பும் கடலும் பற்றிய வேண்டுதல்கள்' என்ற இரண்டு படைப்புகளில் தொடங்குங்கள். முதலாவது 1969, அடுத்தது 1971. ஒரே வாத்தியம், நிறைய மௌனம், ஓசை தேய்வதைக் கேட்க இடம் இருக்கும். அடுத்து 'ஐன்ஷ்பீலுங் 1'. அதன் பிறகு 'நாக்ட்முசிக் 1', இரவிசை என்று பொருள். 'குவோட்லிபெட்' கடைசியில்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இடத்தை வைத்து எழுதிய இசை அதில் ஒரே புள்ளியாக நசுங்கிவிடும். ஹெட்போன் போதும். இல்லையென்றால் இரண்டு ஸ்பீக்கரை இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, இரண்டிலிருந்தும் அதே இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் மட்டும். மறுநாள் அதே பத்து நிமிடத்தை ஒரு வாத்தியத்தை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். மூன்றாம் நாள் ஓசைகளுக்கு நடுவே உள்ள மௌனங்களின் நீளத்தைக் கேளுங்கள். மேலே திருவாரூர் மாணவருக்குச் சொன்ன 4-1-3-2 வாயில் பழகியிருந்தால் மூன்றாம் நாள் எங்காவது பிடி கிடைக்கும்.

அவர் நாடகம் போல ஏதாவது எழுதியிருக்கிறாரா?
*வாசகி, குடந்தை*

'தாஸ் மேர்ஷென்' என்ற ஓபரா 2008 ஜனவரியில் லிஸ்பனின் சாவ் கார்லோஸ் அரங்கில் முதலில் நிகழ்ந்தது. ஜெர்மன் கவிஞர் கோத்தே 1795இல் எழுதிய கதை. கொள்ளிடக்கரைக்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. நடுவே ஒரு பெரிய ஆறு, ஒரு கிழ ஓடக்காரர். அவர் பொன் வாங்க மாட்டார். பொன் விழுந்தால் ஆறு பொங்கிவிடும். கூலியாக மூன்று முட்டைக்கோஸ், மூன்று வெங்காயம், மூன்று ஆர்ட்டிசோக் என்னும் காய், இவ்வளவுதான். அவர் ஒரு கரைக்கு மட்டும்தான் ஆளை ஏற்றிப்போவார், திரும்ப அழைத்து வர மாட்டார். கடைசியில் ஒரு பச்சைப் பாம்பு தன்னையே கொடுத்து இரண்டு கரைக்கும் நிலையான பாலமாகிறது. இந்தக் கதையோடு நூனிஷ் பல ஆண்டுகள் வாழ்ந்தார், 'பச்சைப் பாம்பு' என்ற பெயர் அவருடைய வேறு படைப்புகளின் தலைப்பிலும் வருகிறது. இரண்டு கரை, நடுவே ஓடும் ஒன்று, இரண்டையும் சேர்க்கும் ஒன்று: அவருடைய தாள இணையும் அதே உருவம்தான்.

வேறு போர்ச்சுகல் இசையமைப்பாளர்கள்?
*வாசகர், திருத்துறைப்பூண்டி*

பழைய தலைமுறையில் ஃபெர்னாண்டோ லோபெஷ்-கிராசா (1906–1994), நாட்டுப்புறப் பாடல்களைச் செவ்வியல் மேடைக்குக் கொண்டுவந்தவர். ஆறு சிம்பொனி எழுதிய ஜோலி ப்ராகா சாந்துஷ் (1924–1988) காதுக்கு எளிது, அவரில் தொடங்கினாலும் தவறில்லை. ஜார்ஜ் பெய்ஷினு (1940–1995) 1970இல் லிஸ்பனில் சமகால இசைக்கென ஒரு குழுவையே உருவாக்கியவர். இப்போதைய பெயர்களில் ஜாஸ் பியானோவிலிருந்து வந்த அந்தோனியு பின்யு வார்கஷ், மின்னணு ஓசையோடு வாத்தியங்களைச் சேர்க்கும் ஜுவாவ் பெத்ரு ஒலிவெய்ரா.

பெயரை எப்படி உச்சரிப்பது? நூனெஸா, நூன்ஸா?
*வாசகர், பேராவூரணி*

லிஸ்பன் உச்சரிப்பில் கடைசி எழுத்து 'ஷ்' என்று ஒலிக்கும், நடு உயிர் மெலிந்துபோகும். நூனிஷ்.